தவிட்டுக்குருவிப் பரீட்சை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோபாலபுரம். சோதனைச் சாவடி, டீக்கடை, வரிசையில் நிற்கும் லாரிகள். அதைத் தாண்டினால் இருபுறமும் தென்னந்தோப்பு. தோப்புக்குள் காய்ந்த மட்டைகளுக்கு நடுவே ஏழெட்டுக் குருவிகள் சருகைக் கிளறி, ஒன்றையொன்று திட்டித் தீர்த்துக்கொண்டே நகரும். தவிட்டு நிறம், மஞ்சள் அலகு, எண்ணெய் காணாத தலை. பேர் கேட்டால் சின்னப் பிள்ளைகூடத் தவிட்டுக்குருவி என்று சொல்லும்.

பறவை பார்க்கும் ஆசை புதிதாகப் பிடித்த ஒருவர், கோயம்புத்தூர் வரை போய்த் தடியான ஆங்கிலக் கையேடு ஒன்றை வாங்கிவந்து இந்தக் குருவியைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழுப்பும் சாம்பலுமாகத் தவிட்டுக்குருவியின் உறவினரான சிலம்பன்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒன்று அசாமில் இருப்பது, ஒன்று ராஜஸ்தானில், ஒன்று இலங்கையில் மட்டும். எல்லாம் தவிட்டுக்குருவி போலவே தெரியும். முக்கால் மணி நேரம் புரட்டிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைப்பார். பறவை பார்க்கும் ஆசையும் பெரும்பாலும் அதே அலமாரிக்குத்தான் போகிறது.

அந்தப் புத்தகம் மோசமானது என்று யாரும் சொல்ல முடியாது. ரிச்சர்டு கிரிம்மெட், கரோல் இன்ஸ்கிப், டிம் இன்ஸ்கிப் மூவரும் 1998-இல் கொண்டுவந்த இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் நூல் இன்றும் கைதேர்ந்தவர்களின் பையில் இருக்கிறது. அதன் நிறைவுதான் புதியவருக்குத் தொல்லை. பாகிஸ்தான் தொடங்கிப் பூட்டான், இலங்கை வரை 1,300-க்கு மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. இதற்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆண்டுக்கு இருமுறை மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் நடந்து நடந்து எண்ணினார்கள். கேரளப் பறவை வரைபடத் தொகுப்பு என்ற அந்தப் பெருமுயற்சியில் சிக்கியவை 361 இனங்கள். எப்போதோ ஒருமுறை வழிதவறி வந்தவற்றையும் சேர்த்தால் மாநிலத்தின் மொத்தப் பட்டியல் ஐந்நூறைத் தாண்டும். ஆனால் ஐந்து வருடம் ஆயிரம் பேர் தேடியும் கண்ணில் பட்டவை 361 தான். கோபாலபுரத்துக்காரர் வாங்கிய புத்தகத்தில் நாலில் மூன்று பங்குப் பறவைகளுக்கு அவர் ஊரில் வேலையே இல்லை. அந்த முக்கால் பங்கும், இருக்கும் கால் பங்கைத் தேடவிடாமல் குறுக்கே நிற்கிறது.

ஆகவே முதல் கையேடு சின்னதாக இருக்கட்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று யோசித்துச் செய்த புத்தகமாக இருக்கட்டும். பறவை பார்ப்போர் பலர் இதற்கு உடன்பட மாட்டார்கள். "முழுசாக ஒன்றை ஒரேயடியாக வாங்கிவிடு, பிறகு திரும்பச் செலவு வேண்டாம்" என்பதுதான் வழக்கமான அறிவுரை. பாத்திரக் கடையில் இது நல்ல அறிவுரை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முதல் நாளே பிள்ளையின் கையில் பேரகராதியைக் கொடுப்பவர் யாரும் இல்லையே.

கடையில் நின்று ஒரு கையேட்டைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தெரியாத பறவையைத் தேடக் கூடாது. தினமும் பார்க்கும் பறவையைத் தேட வேண்டும். முதலில் அந்தத் தவிட்டுக்குருவி. பாலக்காட்டுச் சமவெளியில் அதே போன்ற இன்னொன்றும் உண்டு, காட்டுச் சிலம்பன். இரண்டும் கூட்டமாகத்தான் திரியும், இரண்டும் கத்தும், இரண்டுக்கும் அலகு மஞ்சள்தான். ஆனால் ஆங்கிலத்தில் தவிட்டுக்குருவிக்கு மட்டும் 'மஞ்சள் அலகுச் சிலம்பன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை நம்பிப் போனவர் ஏமாந்தார். பழைய புத்தகங்களில் இருந்த 'வெண்தலைச் சிலம்பன்' என்ற பெயர்தான் உபயோகமானது. தவிட்டுக்குருவியின் உச்சந்தலை வெளுத்திருக்கும், கண் நீலம் பாய்ந்த வெள்ளை. காட்டுச் சிலம்பனுக்குத் தலையும் முதுகும் ஏறக்குறைய ஒரே நிறம். கையேடு இந்தத் தலையைச் சுட்டிக்காட்டுகிறதா, இல்லை இரண்டுக்கும் 'பழுப்பு நிறம், கூட்டமாக வாழும்' என்று எழுதி முடித்துவிடுகிறதா? இதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது, மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாகக் கோடுபோட்ட பழுப்பு. அருகே போனால் விருட்டென்று எழும்பும், அப்போது பார்த்தால் இறக்கை பளீரென்று வெள்ளை. இனப்பெருக்க காலம் வந்தால் முதுகில் கருஞ்சிவப்புப் போர்வை ஏறிவிடும். ஒரே கொக்கு, மூன்று தோற்றம். ஒன்றை மட்டும் காட்டும் புத்தகம், ஆண்டின் மீதி மாதங்களில் வாசகரைப் புதுப்பறவை கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கவைக்கும்.

மூன்றாவது, செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. இதை யாரும் தவறவிட மாட்டார்கள். அதன் குஞ்சு வளர்ந்து முதன்முதலில் வானத்துக்கு வரும்போது உடம்பெல்லாம் பழுப்பு. அப்போது அதைக் கரும்பருந்து என்று எழுதாத புதியவர் கிடையாது. வாலைப் பார்க்க வேண்டும்: கரும்பருந்துக்கு வால் நுனி கவைபோலப் பிளந்திருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக முடியும். இளம்பறவையின் படம் இல்லாத கையேடு இந்த இடத்தில் கைவிட்டுவிடும். மூன்றில் இரண்டு தேறினால் வாங்கலாம். தவிட்டுக்குருவியிலேயே தோற்றால், அட்டை எவ்வளவு பளபளத்தாலும் திரும்ப வைத்துவிடலாம்.

கையேடு என்ற வகையே ஒன்றும் பழமையானதல்ல. நூறு ஆண்டுக்கு முன்பு இந்தியப் பறவைகளுக்கான பெரிய நூல் ஸ்டுவர்ட் பேக்கர் 1922 முதல் 1930 வரை எழுதிய எட்டுத் தொகுதிகள். இறக்கை எத்தனை மில்லிமீட்டர், அலகு எவ்வளவு என்று அளவு சொல்லும். சுட்டு வீழ்த்திய பறவை மேசை மேல் கிடந்தால்தான் அந்த அளவுகளுக்குப் பயன். பறந்துகொண்டிருப்பதை அளப்பது எப்படி? அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் என்ற இளம் ஓவியர் 1934-இல் இதற்கு விடை சொன்னார். ஒரேமாதிரி பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே திசை பார்க்க வரைந்து, எங்கே வேறுபாடோ அங்கே ஒரு சின்னக் கோட்டால் சுட்டினார். அவ்வளவுதான் சூட்சுமம். முதலில் அச்சிட்ட 2,000 பிரதிகளும் சில நாள்களில் தீர்ந்தன.

ஏழு வருடம் கழித்து, 1941-இல், சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. அதில் ஒரு சின்ன உத்தி உண்டு, பின்னால் வந்த பலரும் அதைக் கோட்டைவிட்டார்கள். பறவையின் அளவைத் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டுச் சொன்னார்: சிட்டு அளவு, புல்புல் அளவு, மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, காக்கையைவிடச் சிறிது. இருபது மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவை பதினெட்டு சென்டிமீட்டரா இருபத்திரண்டா என்று எந்தக் கண்ணும் சொல்லாது. 'மைனாவைவிடச் சின்னது, சிட்டைவிடப் பெரிசு' என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். இன்று கடையில் எடுக்கும் எந்தக் கையேட்டிலும் இந்த ஒப்பீடு இருந்தால் அது கூடுதல் மதிப்பெண்.

சாலிம் அலிக்கு இந்தப் பகுதி புதிதல்ல. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் அவர் நடத்திய பறவைக் கணக்கெடுப்பின்போது, பரம்பிக்குளம் காட்டில் குரியார்குட்டியில் முகாமிட்டார். மரம் ஏற்றிச் செல்லக் கொச்சி அரசு போட்ட காட்டு டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆய்வு 1953-இல் புத்தகமாகி, மாநிலம் உருவான பிறகு 1969-இல் 'கேரளப் பறவைகள்' என்று பெயர் மாறியது. பரம்பிக்குளமும் கோபாலபுரமும் ஒரே சித்தூர் தாலுகா. ஆனால் கோபாலபுரத்திலிருந்து சொந்தத் தாலுகாவின் அந்தக் காட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி போய், சேத்துமடை, டாப்சிலிப் ஏறி, தமிழ்நாடு வழியாகத்தான் போய்ச் சேர முடியும்.

மாநிலத்தின் பெயர் போட்ட கையேடுகளின் சங்கடம் இதுதான். கேரளப் பறவைகள் என்றதும் பெரும்பாலும் நினைவுக்கு வருவது மழைக்காடு, இருவாச்சி, காயல், நாரை. சித்தூரின் கிழக்குப் பகுதி வேறு நிலம். பனையும் நிலக்கடலையும் வெயிலும் உள்ள பூமி. பனை உழவாரன் ஓலையடியில் கூடு ஒட்டும், கரட்டுக் காட்டில் வானம்பாடி எழும்பும். பறவை விஷயத்தில் கோபாலபுரம் ஆலப்புழைக்கு அல்ல, பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும்தான் சொந்தம். இடுக்கியிலும் இதே கதை. மூணாறு எஸ்டேட் லயத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குச் சோலைக்காட்டுப் பறவைகள் வேண்டும், நீலகிரி ஈப்பிடிப்பானும் சிரிப்பானும். மறையூர் தாண்டிச் சின்னாறுக்கு இறங்கினால் மழை மறைவு நிலம், முள்மரம். பறவைகள் மொத்தமாக மாறிவிடும். மாவட்டம் ஒன்றே, பஸ்ஸும் ஒன்றே.

துணைக்கண்டக் கையேட்டின் ஓரத்தில் இருக்கும் பரவல் வரைபடம் இங்கே உதவுமா? ஒரு கணக்குப் போடலாம். இந்தியா வடக்கு தெற்காகச் சுமார் 3,200 கிலோமீட்டர். வரைபடம் இரண்டு சென்டிமீட்டர் உயரம் என்றால், முப்பது கிலோமீட்டர் அகலப் பாலக்காட்டுக் கணவாய் அதில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அச்சு மை அதைவிட அதிகம் பரவும். ஆனால் பறவைகளுக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு பெரிய விஷயம். உயரச் சோலைகளில் வாழும் நீலநிறச் சிறு பறவை ஒன்று, கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் வயிற்றோரம் செம்மை படிந்திருக்கும். தெற்கே ஆனைமலை, மூணாறு பக்கம் அந்தச் செம்மை இருக்காது, வயிறு வெள்ளை. நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாக எழுதிவந்தார்கள். 2017-இல் வி. வி. ராபின் குழுவினர் மரபணு ஆய்வின் அடிப்படையில் இவற்றுக்குத் தனிப் பேரினமே வகுத்து 'ஷோலிகோலா' என்று பெயரிட்டார்கள். சோலை என்ற நம் சொல் அப்படி அறிவியல் பெயராகிவிட்டது.

அப்படியென்றால் 2017-க்கு முந்திய புத்தகம் எல்லாம் குப்பையா? இல்லவே இல்லை. பழைய புத்தகக் கடையில் சாலிம் அலியின் கிழிந்த பதிப்பு கிடைத்தால் கோபாலபுரத்துப் புதியவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மைனாவின் தோற்றம் மாறவில்லை, மடையானின் குணம் மாறவில்லை. பெயர்கள் மாறியிருக்கும்; அதைப் பென்சிலால் திருத்திக்கொள்ளலாம். சோலைக்காட்டில் ஏறி இறங்குகிறவர் மட்டும் புதுப் பதிப்பைத் தேடட்டும்.

ஓவியமா, போட்டோவா என்ற பழைய சண்டை ஒன்று உண்டு. போட்டோ என்பது ஒரு பறவை, ஒரு நொடி, ஒரு வெளிச்சம். மாலை வெயிலில் எடுத்த உண்ணிக்கொக்கு தங்கமாக மின்னும். காலையில் வயலில் பார்த்தால் வெள்ளை. ஓவியர் நூறு பறவைகளைப் பார்த்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை ஒன்றாக்கி வரைகிறார். ஆகையால் ஓவியமே மேல் என்பார்கள். ஊரில் சாதாரணமாகக் காணும் நூறு பறவைகளுக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது. அங்கே நல்ல போட்டோ போதும். இலைக்கு நடுவே விசில் அடித்துவிட்டு மறையும், பச்சையும் பழுப்புமான குளிர்காலக் கதிர்க்குருவிகளுக்குத்தான் ஓவியம் இல்லாமல் முடியாது. அவற்றைப் புதியவர் முதல் இரண்டு குளிர்காலத்துக்குக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதே உத்தமம்.

மொழிக்கு வருவோம். கோபாலபுரத்துக்காரர்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பலருக்கு இரண்டும் படிக்க வரும். மலையாளத்தில் பறவைகளுக்கு என்று உள்ள மிகச் சிறந்த புத்தகத்தை எழுதியவர் இதே மாவட்டத்துக்காரர். ஆலத்தூரை அடுத்த காவசேரியில் 1923-இல் பிறந்த கே. கே. நீலகண்டன், ஆங்கிலப் பேராசிரியர். 'இந்துசூடன்' என்ற பெயரில் 1958-இல் 'கேரளத்திலே பக்ஷிகள்' எழுதினார். பட்டியல் போடாமல், அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி பறவையைப் பற்றிப் பேசும் உரைநடை. சூலன்னூர் மயில் சரணாலயம் இன்று அவர் நினைவுக்கு உரியது. பையில் போட்டுக்கொண்டு திரியும் கையேடு அல்ல அது, இரவில் வீட்டில் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய நூல். பகலில் பார்த்ததை இரவில் அதில் தேடினால், அடுத்த நாள் அதே பறவையிடம் வேறு ஏதோ பார்க்கத் தோன்றும்.

தமிழிலும் வெறுங்கை இல்லை. ஆசையும் ப. ஜெகநாதனும் சேர்ந்து எழுதி 2013-இல் க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' முதல் புத்தகத்துக்கு மிகவும் ஏற்றது, கையடக்கம், அளவான இனங்கள், சொல்சுத்தமான தமிழ். க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' இன்னும் விரிவானது. ஊர்வழக்குப் பெயர்களைத் தேடித் தொகுத்த உழைப்பு அதில் தெரியும். மா. கிருஷ்ணனின் பறவைக் கட்டுரைகள் கையேடு ஆகாது, ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் குறைவு.

இரு மொழிப் பெயர்களையும் அறிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். சருகில் மேயும் காட்டுச் சிலம்பனை மலையாளத்தில் 'கரியிலக்கிளி' என்பார்கள். கரியில என்றால் சருகு. பறவை எங்கே இருக்கும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. தமிழில் வால்காக்கை என்ற பறவையை மலையாளம் 'ஓலேஞ்ஞாலி' என்கிறது. ஞாலுதல் என்றால் தொங்குதல், பழந்தமிழிலும் அதே பொருள்தான். தென்னோலையில் தொங்கி ஆடும் அந்த நீண்டவால் பறவையை ஒருமுறை பார்த்தவருக்கு இந்தப் பெயர் மறக்காது. வாலைப் பார் என்கிறது தமிழ், ஓலையைப் பார் என்கிறது மலையாளம். செம்போத்து இரண்டு மொழியிலும் செம்போத்துதான். ஆங்கிலக் கையேடு மட்டும் வைத்திருப்பவர் இந்த ஊருக்கு வந்து, தென்னை ஏறுபவரிடம் 'ரூஃபஸ் ட்ரீபை பார்த்தீர்களா' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? 'ஓலேஞ்ஞாலி உண்டா சேட்டா' என்று கேட்டால், எந்த மரத்தில், எத்தனை, கூடு எங்கே என்பது வரை சொல்லிவிடுவார்.

செல்போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசம். குரலைக் கேட்டே பெயர் சொல்லும், பெரும்பாலும் சரியாகவே சொல்லும். வேண்டாம் என்று விலக்குவது வீம்பு. ஆனால் டாப்சிலிப் காட்டில் துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு கில்லாடி உண்டு. மற்ற பறவைகளின் குரலை அப்படியே பாவனை செய்யும். அங்கே போனைத் தூக்கிப் பிடித்தால், இல்லாத பறவையின் பெயரும் திரையில் வரக்கூடும். இன்னொன்று, செயலி விடையை மட்டும் தருகிறது. விடைக்கு முன்னால் வால் எப்படி, கண் என்ன நிறம் என்று கண்ணைக் கொண்டுபோய் நிறுத்துவது புத்தகத்தின் பக்கம். செயலி சொன்ன பெயரைக் கையேட்டில் சரிபார்ப்பது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

கேரளத்தில் வாசகசாலை இல்லாத ஊர் தேடினாலும் கிடைப்பது அரிது. சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அங்கெல்லாம் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு பறவை நூல்கள் வைப்பது அரசுக்கு ஒரு செலவே அல்ல. அதோடு அந்தந்த ஊரின் அறுபது பறவைகளை மட்டும் கொண்ட ஒரு மடிப்புத் தாள். கேரளக் கணக்கெடுப்பின் தரவு இருக்கிறது, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் எல்லைக்கு அந்தப்புறம் நடந்துவருகிறது. ஒரு ஆசிரியரும் நாலு பிள்ளைகளும் ஒரு வாரத்தில் அந்தப் பட்டியலைத் தயாரித்துவிடுவார்கள். கோபாலபுரத்துக்கும் பொள்ளாச்சிக்கும் ஒரே தாள் போதும். மூணாறுக்கு வேறு அச்சடிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவக்காற்றோடு வலசை வரும் ஆறுமணிக்குருவிதான் பல வீடுகளில் முதன்முதலாகப் புத்தகத்தைத் திறக்க வைக்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து இரவில் பறந்து வந்து, களைத்து, சுவரிலோ ஜன்னலிலோ மோதி முற்றத்தில் விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, செம்மஞ்சள் வயிறு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை மூடிக் கறுப்புப் பட்டை, வாலே இல்லாதது போல் குட்டை. வெளிநாட்டுக் கிளி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். தோப்போரம் கொண்டுபோய்த் திறந்துவிடலாம். அதற்குள் வீட்டுப் பிள்ளை கையேட்டைப் புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதியையும் 'கிணத்தடி' என்றும் எழுதி வைத்திருக்கும்.